இங்கே சுவர் மூச்சு விடும்

“அம்மா, கொஞ்சம் இங்க வாங்களேன். இதைப் படிச்சுப் பாருங்க. நான் சரியாத்தான் படிக்கிறேனான்னு சொல்லுங்க.”

மேப் சார் கூப்பிட்ட குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அடுத்த மேசையில் பழைய கோப்புகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்த ரெக்கார்டு அம்மா, நூலைப் பல்லில் கடித்தபடியே எழுந்து வந்தார்.

திரையில் ஊரின் வரைபடம். அதில் ஒரு தெருவில் தொடங்கி வளைந்து வளைந்து போகும் பதினேழு சிவப்புப் புள்ளிகள். மேப் சார் முதல் புள்ளியைத் தொட்டார். ஒரு சின்னப் பெட்டி திறந்தது.

“இங்கே சுவர் மூச்சு விடும்.”

ரெக்கார்டு அம்மாவின் வாயிலிருந்து நூல் விழுந்தது.

“அடுத்தது?”

“நாற்பத்திரண்டு. அதற்கு மேல் கிடையாது.”

“எது கிடையாது?”

“அவ்வளவுதாம்மா போட்டிருக்கு.”

மூன்றாவது புள்ளி: “இங்கே தரை இல்லை.” நான்காவது: “இங்கே நின்றால் எல்லோரும் என்னைக் கடந்து போவார்கள். காத்திரு.” ஐந்தாவது: “இங்கே ஒரு குரல் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து இல்லை.”

“யாரு சார் இதை எழுதினது?”

“அதுதான் தெரியாது. தெரியக் கூடாதுன்னுதானே நானே செஞ்சு வெச்சிருக்கேன்.”

உண்மைதான். நகர அலுவலகத்தின் இணைய வரைபடத்தை நான்கு வருடமாகக் கட்டிக் காப்பவர் அவர். யார் வேண்டுமானாலும் திறந்து தெருவையும் பூங்காவையும் பார்க்கலாம், புள்ளி வைக்கலாம், கோடு போடலாம். ஆனால் போட்டதைச் சேமிக்க வேண்டுமென்றால் கணக்குத் தொடங்க வேண்டும். அதற்குப் பதினான்கு கேள்விகள். நான்கு வருடத்தில் கணக்குத் தொடங்கியவர்கள் பதினோரு பேர். ஒன்பது பேர் அலுவலக ஊழியர்கள். மீதி இருவரில் ஒருவர் மேப் சாரின் மனைவி, இன்னொருவர் மைத்துனி.

மூன்று வாரத்துக்கு முன்னால் இயக்குநர் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். “ஒரு புள்ளி வெக்க வந்தவனை வாசல்ல நிறுத்தி வம்சாவளியா கேப்பீங்க? பேரே வேண்டாம்யா. வந்தான், வரைஞ்சான், சேமிச்சான், போனான். அவ்வளவுதான்.”

மேப் சார் ராப்பகலாக உட்கார்ந்து அதைச் செய்தார். ‘பெயரின்றிச் சேமிக்க’ என்று ஒரு பொத்தான். தொட்டால் ஓர் இணைப்பு கிடைக்கும். அதை வைத்து எப்போது வேண்டுமானாலும் வந்து தன் வரைபடத்தைத் திறக்கலாம், மேலும் எழுதலாம். பெயர் இல்லை, எண் இல்லை, வந்த சுவடே இல்லை. பொத்தானுக்குக் கீழே தடித்த எழுத்தில் அவரே ஒரு வரி போட்டார்: ‘நீங்கள் யார் என்பது எங்களுக்கே தெரியாது.’ அந்த வரியைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பதினாறு நாள் ஒருவரும் அந்தப் பொத்தானைத் தொடவில்லை. பதினேழாம் நாள் தொட்டது இதுதான்.

“கடைசிப் புள்ளி எங்க சார் இருக்கு?” என்றார் ரெக்கார்டு அம்மா, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு.

மேப் சார் வரைபடத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கடைசிப் புள்ளி இவர்கள் இருந்த கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. தரைத்தளம்.

“பதினோரு அடி. பிறகு கதவு. உள்ளே யாரும் பதில் சொல்வதில்லை.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அது நம்ம விசாரணைக் கவுண்டர் சார்,” என்றார் ரெக்கார்டு அம்மா மெல்ல. “அங்க உயிரோட போனாலே பதில் கிடைக்காது.”

அந்த நேரம் பார்த்துத்தான் இயக்குநர் உள்ளே வந்தார். “யாராவது சேமிச்சாங்களா?”

“ஒருத்தர் சார். ஆனா...”

“ஆஹா! அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை மேலதிகாரிகள் குழு வருது. மக்கள் சேமிச்ச வரைபடம்னு பெரிய திரையில அதைக் காட்டிடுவோம்.” படித்துப் பார்க்காமலே கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

‘இங்கே தரை இல்லை’ என்பதைப் பெரிய திரையில் மேலதிகாரிகளுக்குக் காட்டினால், தனக்கும் இந்த அலுவலகத்தில் தரை இருக்காது என்று மேப் சாருக்குத் தெரியும். சுற்றுமுற்றும் பார்த்தார். ‘நீக்கு’ என்பதைத் தொட்டார். பதினேழு புள்ளிகளும் ஒரே நொடியில் மறைந்தன.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவியை போனில் கூப்பிட்டார்.

“என்னங்க, கடையில கூட்டம். சீக்கிரம் சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல. நம்ம வரைபடத்துல போய், பேர் போடாம, நல்லதா நாலு புள்ளி வெச்சு ஒண்ணு சேமிச்சு விடேன். பூங்கா, ஏரிக்கரை, அந்த மாதிரி.”

“நாலு வருஷமா உங்க மேப்புக்கு நான் ஒருத்திதான் மக்கள்,” என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். ஆனாலும் அரைமணி நேரத்தில் ‘ஞாயிற்றுக்கிழமை நடை’ என்று பச்சைப் புள்ளிகளோடு ஒன்று வந்து சேர்ந்தது. மேப் சார் நிம்மதியாக டீ குடித்தார்.

மறுநாள் காலை பட்டியலில் இரண்டு வரைபடங்கள் இருந்தன.

இரண்டாவதில் மூன்றே புள்ளிகள். முதல் புள்ளியில்: “எல்லாம் அழிந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து நடக்கிறேன். இங்கே சுவர் மூச்சு விடும்.” மூன்றாவதில்: “இங்கே தரை இல்லை. மறந்துபோனேன். விழுந்தேன்.”

மேப் சார் அதை நான்கு முறை படித்தார். பயத்தோடு வேறொன்றும் மனத்தில் நெருடியது. அழித்தது அவர். விழுந்தது வேறு யாரோ. ‘யாரோ’ என்று சொல்லலாமா என்பதுதான் புரியவில்லை.

இந்த முறை இயக்குநரிடமே கொண்டுபோய்க் காட்டினார். இயக்குநர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

“இது மனுஷன் எழுதினது இல்ல,” என்றார்.

“நீங்களும் அப்படியா சார் நினைக்கிறீங்க?”

“பின்னே? ஏதோ இயந்திரம் தானா எழுதித் தள்ளுதுய்யா. பேர் கேக்கலன்னா கண்டதெல்லாம் உள்ள வரத்தான் செய்யும். வாசல்ல அந்தப் படப் புதிர் ஒண்ணை வைங்க. மனுஷன்னா பதில் சொல்லட்டும்.”

வைத்தார். சேமிக்கும் முன் ஒன்பது சின்னப் படங்கள் வரும். நாய் இருக்கும் படங்களை மட்டும் தொட வேண்டும். அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னார். அவர் தட்டிலிருந்து தலையெடுக்காமலே கேட்டார்.

“ஏங்க, பேய்க்கு நாயைத் தெரியாதா?”

“பேய்னு யாரும்மா சொன்னது?”

“நீங்கதான். நேத்து ராத்திரி தூக்கத்துல.”

புதிர் ஒரு நாள் முழுக்கக் காவல் காத்தது. சிவப்புப் புள்ளி ஒன்றுகூடச் சேரவில்லை. மேப் சார் மறுநாள் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கம்பீரமாக அலுவலகம் வந்தார். திரையைத் திறந்தார். கம்பீரம் போயிற்று.

“வாசலில் புதிர் வைத்துவிட்டார்கள். என்னால் முடியாது. இன்று இன்னொருத்தியின் கண்களால் உள்ளே வந்தேன்.”

ரெக்கார்டு அம்மா படித்தார். நிதானமாகத் தன் பையை எடுத்தார். குடையை எடுத்தார்.

“எங்கம்மா கிளம்பிட்டீங்க?”

“அரை நாள் லீவு சார். யாரோ ஒருத்தி உடம்புல புகுந்திருக்கு. அது யாருன்னு தெரியற வரைக்கும் நான் எந்தப் பொம்பளை பக்கத்துலயும் உக்கார மாட்டேன்.”

“இந்த செக்‌ஷன்ல நீங்க ஒருத்திதானே பொம்பளை?”

அவர் ஒரு கணம் நின்றார். “அதான் சார் பயமே,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மேப் சார் அந்தப் புதிரை எடுத்துவிட்டார். இன்னொருத்தியின் கண்கள் அவர் பொருட்டு இரவல் போக வேண்டாம். உடனே, கதவு திறந்ததுபோல், அன்று சாயங்காலத்துக்குள் சிவப்புப் புள்ளிகள் பதினேழும் ஒவ்வொன்றாக முளைத்துவிட்டன. யாரோ உண்மையிலேயே அந்த வழியில் நடந்துகொண்டே வைப்பதுபோல், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, பத்து நிமிடத்துக்கு ஒன்று. கடைசியாகக் கீழே விசாரணைக் கவுண்டரில் ஒரு புள்ளி விழுந்தபோது மேப் சார் மாடியில் நாற்காலியின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

இரவு மனைவி திட்டினார். “உங்க ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்திருக்கு, இறங்கிப் பாக்கக் கூடாதா? இப்படிப் பயந்து சாகறதுக்கு, நேராப் போய்ப் பாத்துட்டு ஒரேயடியாப் பயந்துடலாம்.”

அதில் நியாயம் இருந்தது. மறுநாள் காலை ஏழரை மணிக்கே மேப் சார் முதல் புள்ளிக்குப் போய்விட்டார்.

நல்ல வெயில். சாதாரணத் தெரு. ஒரு பக்கம் முழுக்க நீளமான மதில் சுவர், வெள்ளை அடித்து வருடக்கணக்கானது. இதில் என்ன மூச்சு என்று அவர் நெருங்கிப் போய் நின்ற அதே நொடி, காதருகே ‘ஹா’ என்று சூடாக ஒரு காற்று வந்தது. மேப் சார் நடுத்தெருவில் இருந்தார். எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது.

பிறகு தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வந்து பார்த்தார். சுவரில் காது உயரத்தில் ஒரு கம்பி வலை. உள்ளே சலவைக் கடை. துணி உலர்த்தும் இயந்திரம் வேலை செய்யும்போதெல்லாம் ஈரச் சூடாகக் காற்றை வெளியே தள்ளுகிறது. அப்பாடா என்று அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். அடுத்த கணமே தோன்றியது: அப்படியானால் ‘சலவைக் கடை’ என்று எழுதியிருக்கலாமே? சுவர் மூச்சு விடும் என்று எழுதுகிற ஆள் எப்படிப்பட்ட ஆள்?

அந்த ஆளைப் பார்த்துவிடுவது என்று சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். தெருவில் போகிறவர்களில் எவர் போனில் வரைபடத்தைத் திறந்து வைத்திருக்கிறார் என்று மட்டும் கூர்ந்து பார்த்தார். சைக்கிள் சங்கிலி கழன்று திட்டிக்கொண்டே ஒருவர் போனார். சீருடைப் பிள்ளைகள் கும்பலாகப் போனார்கள். சுவரோரமாகக் கைத்தடியோடு வந்த ஒரு பெண்ணுக்கு வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வழிவிட்டார். போனை முறைத்தபடி வந்த ஓர் இளைஞன் மீது சந்தேகம் விழுந்தது. பின்னாலேயே போய் எட்டிப் பார்த்ததில் அவன் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம். எவர் முகத்திலும் ஒன்றும் இல்லை.

அப்படியே மற்றப் புள்ளிகளையும் பார்த்துவிடலாம் என்று நடந்தார். இரண்டாவது புள்ளி நடைமேம்பாலம். படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார். சரியாக நாற்பத்திரண்டு. அதற்கு மேல் கிடையாது. மூன்றாவது புள்ளியில், வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததால், வலது கால் முழங்கால் வரை சாக்கடைக்குள் இறங்கியது. நடைபாதையில் ஒரு மூடிக்கல் இல்லை. அங்கே உண்மையிலேயே தரை இல்லை.

ஒரு காலில் மட்டும் சாக்கடையோடு அவர் அலுவலகம் வந்தபோது ரெக்கார்டு அம்மா திரும்பி வந்திருந்தார். கழுத்திலும் கையிலும் ஏதேதோ கயிறுகள்.

“எல்லாம் நிஜம்மா,” என்றார் மேப் சார். “ஒரு வார்த்தை பொய் இல்ல.”

“புதுசா ஒண்ணு எழுதியிருக்கு சார். நீங்க வர்றதுக்குள்ள.”

முதல் புள்ளி. மூச்சு விடும் சுவர். “இன்று இங்கே இன்னொன்று இருந்தது. பேசவில்லை. மூச்சு மட்டும்.”

மேப் சார் உட்கார்ந்துவிட்டார். “நான் அங்கதாம்மா ஒரு மணி நேரம் நின்னேன். ஒண்ணும் இல்லியே?”

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது சார். அதுக்குத்தான் தெரியும், அதோட இனம்.” ரெக்கார்டு அம்மா குரலைத் தாழ்த்தினார். “இப்ப ரெண்டு ஆயிடுச்சு.”

மறுநாள் மேப் சார் நடைமேம்பாலத்தின் மேல் தூணோரம் நின்றார். மத்தியானம் புதுக் குறிப்பு வந்தது: “நாற்பத்திரண்டாவது படியிலும் அது வந்துவிட்டது.” அதற்கு அடுத்த நாள் சாலையைக் கடக்கும் இடத்தில், விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்றார். “மூன்றாவது நாள். என் வழி அதற்குத் தெரிந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.”

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது மேப் சாருக்குள் ஏதோ திரும்பிக்கொண்டது. இத்தனை நாள் அதைக் கண்டு இவர் பயந்தார். இப்போது அதுவே பயப்படுகிறது. யாரும் நிற்காமல் கடந்து போகிற இடத்தில் தனியாகக் காத்திருந்து, தரை இல்லாத இடத்தில் விழுந்து எழுந்து, பதில் சொல்லாத கவுண்டர் வரை நடந்து வருகிற ஓர் ஆத்மா. அதைப் போய் இன்னொன்று துரத்துகிறது.

“பாவம்ங்க,” என்றார் மனைவி. கேட்கக் கேட்க அவருக்கும் மனசு இளகிவிட்டது. “இருக்கும்போதும் நிம்மதி இல்ல, போன பிறகும் நிம்மதி இல்ல. ஏதாவது செய்யுங்க.”

செய்யக்கூடியதாக அவருக்கு ஒன்றுதான் தெரிந்தது. வடிகால் பிரிவுப் பொறியாளரிடம் போனார்.

“நடைபாதையில மூடிக்கல் இல்ல சார். ஒருத்தர் விழுந்துட்டாங்க.”

“யாரு?”

“தெரியாது.”

“பேரு?”

“கிடையாது.”

“அட்ரஸ்?”

மேப் சார் யோசித்தார். “அதைத்தான் சார் தேடிட்டிருக்கேன்.”

பொறியாளர் பேனாவை மூடி வைத்தார். கடைசியில் மேப் சார் பேன்ட்டைச் சுருட்டி, தன் முழங்கால் சிராய்ப்பைக் காட்டி, தன் பெயரிலேயே புகார் எழுதிக் கொடுத்தார். நாள்கணக்கில் நச்சரித்தபின் ஒரு புதன்கிழமை காலை புதுக் கல் வந்து விழுந்தது. மேப் சார் நேரில் போய்க் குனிந்து தட்டிப் பார்த்தார். கெட்டிக் கல். மனசு நிறைந்துபோயிற்று. பின்னால் ஏதோ வண்டி அலறிக்கொண்டு பிரேக் போட்ட சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது போயும் விட்டது.

மத்தியானக் குறிப்பு: “தரை இல்லாத இடத்தில் இன்று தரை இருந்தது. நம்பவில்லை. சாலையில் இறங்கிச் சுற்றிப் போனேன். வண்டி உரசிக்கொண்டு போனது. அது அங்கேயும் இருந்தது. இனி எந்த வழியில் போவேன்?”

ரெக்கார்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஏற்கெனவே போன உயிரை வண்டியில வேற விட்டு ஏத்தப் பாத்திருக்கே சார், அந்தப் பாவி!”

மேப் சார் எழுந்து நின்றார். இப்படி ஒரு கோபம் அவருக்கு வந்து வெகு காலம் ஆயிற்று. அந்த இரண்டாவதை விடக் கூடாது. தினமும் காலையில் ஒவ்வொரு புள்ளியிலும் போய் நிற்பது, இரண்டாவது வந்தால் முதலாவது ஒதுங்கிக்கொள்ளட்டும், இவரைத் தாண்டித்தான் அதைத் தொட முடியும். அப்படி முடிவு செய்தபின் முதலாவதற்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எப்படிச் சொல்வது? அதற்கு முகம் இல்லை, எண் இல்லை. வரைபடம்தான் இருக்கிறது. நிர்வாகி என்ற முறையில் எந்த வரைபடத்தையும் அவர் திறந்து எழுதலாம். முதல்முறையாக அந்த உரிமையை நல்லதுக்குப் பயன்படுத்துவோம் என்று, பதினேழு சிவப்புப் புள்ளிகளின் நடுவில் பதினெட்டாவதாக ஒன்று வைத்தார். நெடுநேரம் யோசித்து, மனைவியிடமும் போனில் படித்துக் காட்டி, எழுதினார்:

“பயப்பட வேண்டாம். நீங்கள் போகும் வழி எனக்குத் தெரியும். நான் தினமும் உங்கள் பக்கத்திலேயே நிற்கிறேன்.”

“அழகா இருக்குங்க,” என்றார் மனைவி. “கேட்டா எனக்கே தெம்பா இருக்கு.”

சேமித்தார். அதற்குப் பிறகு அந்த வரைபடத்தில் ஒரு சொல்லும் விழவில்லை.

அன்று சாயங்காலம் இல்லை. மறுநாள் வியாழக்கிழமை காலையும் இல்லை. மேப் சார் மூச்சு விடும் சுவரோரம் எட்டு மணி வரை நின்றார், நாற்பத்திரண்டு படியும் ஏறி இறங்கினார், புதுக் கல்லின் மேல் காலூன்றி நின்று நாலாபுறமும் பார்த்தார். எதுவும் வரவில்லை. முன்பு குறிப்பு வந்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போது வராததால் அடித்துக்கொண்டது.

“சாந்தி அடைஞ்சிருக்கும் சார்,” என்றார் ரெக்கார்டு அம்மா. “உங்க நல்ல வார்த்தைதான்.”

“அப்படியா சொல்றீங்க?”

“இல்லன்னா அந்த இன்னொண்ணு பிடிச்சிருக்கும்.”

பதினொரு மணிக்கு இயக்குநர் அறையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். நாளை வெள்ளிக்கிழமை, திரையில் என்ன காட்டப் போகிறோம் என்று கேட்பார். மனைவியின் பூங்காப் புள்ளிகளைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று நினைத்துக்கொண்டே மேப் சார் கதவை மெல்லத் திறந்தார்.

இயக்குநருக்கு எதிரே, கதவுக்கு முதுகு காட்டி, ஒரு பெண் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். இயக்குநர் மேப் சாரைப் பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்து, அங்கேயே நில் என்று கையால் காட்டினார். மேப் சார் கதவை ஒட்டி அசையாமல் நின்றார்.

“ரெண்டு மாசம்தான் சார் ஆகுது இந்தப் பக்கம் குடிவந்து,” என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தார். “நீதிமன்றத்து ஒலிப்பதிவையெல்லாம் கேட்டு டைப் அடிக்கிறது என் வேலை. தினமும் இந்த வழியாத்தான் போகணும். புது இடம், ஒண்ணும் பிடிபடல. கூவி விக்கிறவங்க குரலை அடையாளம் வெச்சா, அவங்களும் திடீர்னு இடம் மாறிடறாங்க. அப்பதான் உங்க மேப்ல பேர் கேக்காம சேமிக்கலாம்னு தங்கச்சி சொன்னா. நான் போற வழியை எனக்குப் புரியற மாதிரி குறிச்சு வெச்சுக்கிட்டேன். புள்ளி பக்கத்துல வந்ததும் போன் காதுல படிச்சுச் சொல்லிடும்.”

நாற்காலியோரம் மடித்துச் சாய்த்து வைத்திருந்த வெள்ளைக் கைத்தடியை மேப் சார் அப்போதுதான் பார்த்தார்.

சுவர் மூச்சு விடும். நாற்பத்திரண்டு. தரை இல்லை. இன்னொருத்தியின் கண்கள்.

கண் தெரியாதவர்! உயிரோடு இருக்கிற, தங்கை இருக்கிற, காதில் ஒயர் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற ஒரு பெண்! மேப் சாருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. வாயை இறுக மூடிக்கொண்டார். எப்பேர்ப்பட்ட மடையன் நான் என்று நினைத்தார். அந்தப் பதினேழு புள்ளிகளை அழித்த விரலை இன்னொரு கையால் மறைத்துக்கொண்டார்.

“ஒரு தடவை எல்லாம் அழிஞ்சு போச்சு சார். விழுந்துட்டேன். அப்புறம் நாய்ப் படம் தொடுன்னு ஏதோ வெச்சீங்க. தங்கச்சி வந்துதான் தொட்டுக் கொடுத்தா. கீழ விசாரணைக் கவுண்டர்ல மூடிக்கல் பத்தி எத்தனையோ தடவை வந்து கேட்டேன், யாரும் பதில் சொல்லல. அதுக்கெல்லாம் சண்டை போட வரல.” அந்தப் பெண்ணின் குரல் தணிந்தது. “என் வழியில எவனோ நிக்கிறான். முதல்ல ஒரு இடத்துலதான் நின்னான். அப்புறம் நான் குறிச்சு வெச்ச எல்லா இடத்துலயும். பேச மாட்டான். மூச்சு மட்டும்தான். இப்ப என் மேப்புக்குள்ளயே வந்து எழுத ஆரம்பிச்சுட்டான் சார். தினமும் உன் பக்கத்துலயே நிக்கிறேன்னு. இன்னிக்கு வேலைக்கே போகல. இங்க வர்றதுக்குக்கூட வண்டி வெச்சுக்கிட்டு வந்தேன்.”

“அயோக்கியன்!” இயக்குநர் மேசையை ஓங்கித் தட்டினார். “பேரின்றிச் சேமிக்க விட்டது தப்பாப் போச்சு. ஆள் யாருன்னு அடையாளம் ஏதாவது சொல்ல முடியுமாம்மா?”

“முகம் தெரியாது சார். ஆனா மூச்சு தெரியும். நாள் முழுக்க அடுத்தவங்க மூச்சையும் இருமலையும் கேட்டுத்தானே டைப் அடிக்கிறேன்? ஆயிரம் பேர்ல தனியாத் தெரியும்.”

கதவோரத்தில் நின்றிருந்த மேப் சார், அவ்வளவு நேரம் உள்ளே அடக்கி வைத்திருந்த மூச்சை அப்போதுதான், தன்னை அறியாமல், நீளமாக வெளியே விட்டார்.

அந்தப் பெண் சட்டென்று பேச்சை நிறுத்தினார். கை தானாகக் கைத்தடியைத் தேடிப் பிடித்தது. தலையைத் திருப்பாமல், மேசைக்கு மேல் இயக்குநரை நோக்கிக் குனிந்து, உதடு மட்டும் அசையச் சொன்னார்:

“சார், சத்தம் போடாதீங்க. அவன் உங்க கதவுகிட்டதான் நிக்கிறான்.”